கேதார்நாத் யாத்திரை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு திட்டம், சும்மா நாளும் சேர்த்து

முதல் தடவை கேதார்நாத் கிளம்பியபோது என்னிடம் ஓர் அழகான எக்செல் தாள் இருந்தது. ஆறு நாள் பயணத்தை மணிக்கணக்காகப் பிரித்து, டீ குடிக்கும் நேரம் வரை எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, வழியில் இரவு தங்கும் ஊரான குப்தகாசியை எட்டுவதற்கு முன்பே மலை சரிந்து சாலையில் விழுந்துவிட்டது. ஜே.சி.பி. வந்து மண்ணை அள்ளி முடிக்க மறுநாள் மதியமாகிவிட்டது. அதற்கு மேல் போனால் திரும்பும் விமானம் போய்விடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு ரிஷிகேஷ் வந்துவிட்டோம். அவ்வளவு தூரம் போயும் சாமி பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை அறுபதைத் தாண்டிய அம்மாவையும் அழைத்துப்போய், நல்லபடியாகத் தரிசனம் செய்து திரும்பினோம். திட்டத்தில் ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் விட்டதுதான் இரண்டு பயணங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அந்தச் சும்மா நாளை எங்கே வைப்பது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படை.

1. தேதி

கோயில் வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் உற்சவ மூர்த்தியைக் கீழே உகிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவந்து அங்கேயே பூஜை நடத்துவார்கள். நடை திறக்கும் தேதியை மகா சிவராத்திரி அன்று உகிமட்டில்தான் அறிவிப்பார்கள். 2024இல் மே 10, 2025இல் மே 2. மூடுவது தீபாவளிக்குப் பின் வரும் பாய் தூஜ் அன்று. நம் தீபாவளியிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் கழித்து வரும்.

மே, ஜூனில் எல்லோரும் போவார்கள். வரிசை, அறை வாடகை, ஜீப்புக்குக் காத்திருப்பது எல்லாம் இரட்டிப்பாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் தயவுசெய்து போகாதீர்கள். 2013 ஜூன் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜூலை 31 இரவு பெய்த பேய்மழையிலும் நடைபாதை பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும்தான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். குளிர் கூடுதல்தான், ஆனால் குளிருக்குச் சட்டை உண்டு, நிலச்சரிவுக்கு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் காலாண்டு விடுமுறைக்கும் ஒத்துவரும்.

2. பதிவு

யாத்திரைக்குப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்திலோ செயலியிலோ, ஆதார் விவரத்துடன் ஒவ்வொருவருக்கும் தேதி குறித்துப் பதிய வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டிக்கெட்டை எடுத்துவிட்டு, அந்தத் தேதிக்கு இடமில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களை ரிஷிகேஷில் நிறையப் பார்க்கலாம். பதிவுச் சீட்டைப் போனிலும் வையுங்கள், தாளிலும் வையுங்கள். மலையில் நம் வண்டி நிற்கும் கடைசி ஊரான சோன்பிரயாகில் கேட்பார்கள்.

ஹெலிகாப்டரில் போகிறவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் பதியுங்கள். இந்தப் பெயரில் போலித் தளங்கள் ஏராளம். மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. உடம்பு

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நடை தொடங்கும் கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு 16 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் பெரிது. சுமார் 1,980 மீட்டரில் தொடங்கி 3,583 மீட்டர் வரை ஏற வேண்டும். நமக்குத் தெரிந்த அளவுகோலில் சொன்னால், அலிபிரி வழியாகத் திருமலைக்கு ஏறுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் காற்று குறைந்த உயரத்தில். கோயில் இருக்கும் உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் நடை. வாரத்துக்கு இரண்டு நாள் படி ஏறுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் லிஃப்டை மறந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் முதுகில் நாலைந்து கிலோ பையுடன் ஒருமுறையாவது அலிபிரியோ, உங்கள் பக்கத்து மலைக்கோயிலோ ஏறிப் பாருங்கள். அங்கேயே நாக்குத் தள்ளினால் குதிரைக்குப் பணம் ஒதுக்கிவிடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்கான மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நாமும் சாப்பிடக் கூடாது.

4. பை

பெரிய பெட்டியைக் குப்தகாசியிலோ சோன்பிரயாகிலோ தங்கும் இடத்தில் வைத்துவிட்டு, சின்னப் பை ஒன்றோடு மட்டும் ஏறுங்கள். உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுவது, ஒரே தடி கம்பளிச் சட்டையைவிட நல்லது. ஏறும்போது வியர்க்கும், நின்றால் நடுங்கும். கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும். குரங்குக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி சாக்ஸ். குடை வேண்டாம், மழைக்கோட்டுதான். டார்ச், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், முழங்கால் பட்டை. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் தீரும். போனை உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. ஒரு மாதமாவது போட்டுப் பழகியது வேண்டும். ரொக்கமும் தேவையான அளவு கையில் இருக்கட்டும். மேலே போய் ஏ.டி.எம். தேட வேண்டாம்.

கூடவே புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கடலைமிட்டாய். வழியெல்லாம் பராத்தா, மேகி, ராஜ்மா சாதம் கிடைக்கும். மூன்றாம் நாள் நாக்கு கெஞ்சும். ஆனால் மேலே பொலபொலவென்ற சோற்றை எதிர்பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி லேசில் வேகாது.

5. சாலை

டில்லியிலிருந்து ஹரித்வார், ரிஷிகேஷ் வரை ரயிலில் வந்துவிடலாம். விமானம் என்றால் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம். ரிஷிகேஷிலிருந்து சோன்பிரயாக் சுமார் 210 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்து ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும், சாலை நன்றாக இருந்தால்.

விடிகாலையில் கிளம்பி, குப்தகாசியில் இரவு தங்குங்கள். டிரைவர் மலைக்காரராக இருக்கட்டும். நம் ஊரில் எவ்வளவு ஓட்டியவராக இருந்தாலும், இந்த வளைவுகளில் சொந்தக் காரை ஓட்டும் ஆசையை முதல் பயணத்தில் அடக்கிக்கொள்வது நல்லது. வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு, காலையில் அரை வயிற்று உணவு, கையில் ஓர் எலுமிச்சை.

வழி முழுக்க ஆறு கூடவே வரும். தேவபிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து, அங்கிருந்துதான் கங்கை என்ற பெயர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கண்டமென்னும் கடிநகர் இதுதான், பெரியாழ்வார் பாடியது. ருத்ரபிரயாகில் அலக்நந்தாவை விட்டு மந்தாகினியைப் பிடித்து மேலே திரும்புவோம். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர், பெயர்ப் பலகையைப் பார்த்து அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார்: அகஸ்த்யமுனி. நம் பொதிகைமலை அகத்தியர்தான். அங்கே அவருக்குக் கோயிலும் இருக்கிறது. திட்டத்தில் இல்லாத இருபது நிமிடம், ஆனால் நல்ல இருபது நிமிடம்.

6. ஏறும் நாள்

சொந்த வண்டியும் வாடகை வண்டியும் சோன்பிரயாகோடு சரி. அங்கிருந்து கௌரிகுண்டுக்கு 5 கிலோமீட்டர், ஷேர் ஜீப் மட்டும்தான். காலை நான்கு மணிக்கே ஜீப் வரிசையில் நில்லுங்கள். தாமதித்தால் அங்கேயே இரண்டு மணி நேரம் போகும். மதியத்துக்கு மேல் கௌரிகுண்டில் ஏற விடமாட்டார்கள்.

கௌரிகுண்டில் இரும்புப் பூண் போட்ட தடி விற்பார்கள். கட்டாயம் வாங்குங்கள். குதிரை, டோலி, முதுகில் கூடை கட்டித் தூக்கும் கண்டி ஆகியவற்றுக்கு அரசு முன்பதிவுக் கவுண்டர் உண்டு. அங்கே ரசீது வாங்கிக்கொண்டு ஏறுங்கள். குதிரை என்று சொன்னாலும் பெரும்பாலும் கோவேறு கழுதைதான். நொண்டுவதாகவோ புண் இருப்பதாகவோ தெரிந்தால் வேறு கேளுங்கள். அம்மாவுக்கு நாங்கள் அப்படி மாற்றித்தான் வாங்கினோம்.

முதல் 4 கிலோமீட்டரில் ஜங்கிள் சட்டி, அடுத்த 3இல் பீம்பலி. இதுவரை காடும் அருவியுமாக இதமாக இருக்கும். அப்புறம் ராம்பாடா. முன்பு இங்கே கடைகளும் விடுதிகளுமாக ஓர் ஊரே இருந்தது; 2013 வெள்ளத்தில் சுவடில்லாமல் போயிற்று. பழைய பாதையும் போய்விட்டதால், இங்கே மந்தாகினியைப் பாலத்தில் கடந்து எதிர்ச் சரிவில் புதிய பாதையில் ஏறுகிறோம். லின்ச்சோலி வரையிலான இந்த 4 கிலோமீட்டர்தான் ஆளைத் தின்னும். வளைந்து வளைந்து செங்குத்தாகப் போகும். நூறு அடிக்கு ஒருமுறை நில்லுங்கள், உட்காராதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

கோவேறு கழுதைகள் வரும்போது எப்போதும் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் அதன் மேலிருக்கும் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

லின்ச்சோலியில் கூடாரங்கள் உண்டு. மூன்று மணிக்கு மேல் அங்கே சேர்ந்தால், அல்லது தலை வலித்தால், அங்கேயே தங்கிவிடுங்கள். மீதி 5 கிலோமீட்டரை மறுநாள் காலை நடக்கலாம். சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைக் காளத்தியில் இருந்தபடியே பாடியதாகச் சொல்வார்கள். நமக்கு அந்த வரம் இல்லை, மெதுவாக ஏறித்தான் ஆகவேண்டும்.

7. மேலே

சேர்ந்ததும் சூடாக ஏதாவது குடித்து, ஈரச் சட்டையை மாற்றுங்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், படுத்தாலும் மூச்சு வாங்குதல் என்று வந்தால் பொறுத்துப் பார்க்காமல் அங்கிருக்கும் மருத்துவ முகாமுக்குப் போங்கள். இதற்கு உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, காலைத் தரிசனம் மட்டும் முடித்துவிடலாம்" என்று இழுத்தடிக்கக் கூடாது.

தரிசனத்துக்கு விடிகாலைதான் நல்லது. காலையில் அலங்காரமில்லாத சுயம்பு மூர்த்தி, முக்கோணப் பாறை வடிவில், பாண்டவர்களுக்குப் பிடிபடாமல் காளை வடிவில் மறைந்த சிவனின் திமில் என்பார்கள். மாலையில் அலங்காரத்தோடு. கோயிலுக்குப் பின்னால் போய் பீம சிலாவைப் பாருங்கள். 2013இல் உருண்டு வந்து கோயிலுக்குப் பின்னே நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்த பாறை அது. பக்கத்தில்தான் ஆதிசங்கரர் சமாதி.

8. இறக்கமும் சும்மா நாளும்

இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முழங்கால் போகும். பட்டையைக் கட்டிக்கொண்டு, தடியை முன்னால் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் கௌரிகுண்டில் மறுபடியும் ஜீப் வரிசை. அன்றைக்கே ரிஷிகேஷ் போய்விடலாம் என்ற கணக்கு வேண்டாம், மலைச் சாலையில் இரவில் வண்டியும் விடமாட்டார்கள்.

ஆக நாள் கணக்கு இப்படி: முதல் நாள் ரிஷிகேஷ், இரண்டாம் நாள் குப்தகாசி, மூன்றாம் நாள் ஏற்றம், நான்காம் நாள் தரிசனமும் இறக்கமும், ஐந்தாம் நாள் சும்மா, ஆறாம் நாள் ரிஷிகேஷ், ஏழாம் நாள் ஊருக்கு ரயில். சும்மா நாளை ஏற்றத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். முன்னால் வைத்தால் வேடிக்கை பார்த்தே தீர்ந்துவிடும். பின்னால் இருந்தால், சாலை அடைத்தாலும், லின்ச்சோலியில் தங்க நேர்ந்தாலும், யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றும் ஆகாமல் அந்த நாள் மிஞ்சினால், சோன்பிரயாகிலிருந்து திரியுகிநாராயணர் கோயிலுக்குப் போகலாம், சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்த இடம் என்பார்கள். இல்லையென்றால் உகிமட். நாங்கள் உகிமட் போனோம். தரிசனம் முடிந்து அம்மா கோயில் வாசலில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே, "அடுத்த வருஷம் பத்ரிநாத்துக்கு எத்தனை நாள் லீவு போடணும்?" என்று கேட்டார்.