மோட்டார்ஹோமில் நாயோடு போகிறீர்களா? அதை வீடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்

படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியில் கிளம்பிய இரண்டாம் நாள், ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் கிழக்கே கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு ரவுண்டானா. முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது, நானும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்னால் மேல் அலமாரி படாரென்று திறந்து இட்லிப் பானை கீழே விழுந்து உருண்டது. விழுந்த இடம் எங்கள் நாய் சுண்டல் வழக்கமாகப் படுத்துக் கிடக்கும் மெத்தை. நல்லவேளை, அவன் அன்று சாப்பாட்டு மேசைப் பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தான். அதுவும் என் புத்திசாலித்தனம் இல்லை, மனைவி காலையில் பிடிவாதமாக மாட்டிவிட்டது. இவ்வளவு இடம் இருக்கிறது, வீடு மாதிரிதானே, நாயை எதற்குக் கட்டிப்போட வேண்டும் என்று அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஏழு வாரத்தில், மெல்பர்னில் இருந்து குயின்ஸ்லாந்து வரை போய்த் திரும்பியதில், எங்களுக்கு வந்த சிக்கல் எல்லாமே இந்த 'வீடு மாதிரி' நினைப்பில் இருந்துதான் வந்தது. ஓடும்போது அது லாரி. நிற்கும்போது வெயிலில் காயும் தகரப் பெட்டி. கதவைத் திறந்தால் ஒவ்வொரு நாளும் நாய்க்குத் தெரியாத ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதில் பாதியை நீங்களே யோசித்துவிடுவீர்கள்.

முதலில் ஓட்டும்போது. நாய்க்கு மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் வாங்குங்கள், மோதல் சோதனை செய்தது என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து. கழுத்துப்பட்டையில் பெல்ட்டை மாட்டவே கூடாது, பிரேக் போட்டால் முழு வேகமும் கழுத்தில்தான் இறங்கும். மாட்டும் இடமும் முக்கியம்: வண்டியின் சட்டத்தோடு பிணைத்த சீட் பெல்ட்டில் மாட்ட வேண்டும், மேசைக் காலில் இல்லை. பல மோட்டார்ஹோம்களில் அந்த மேசைக் கால் கையால் திருகினாலே கழன்று வரும், ராத்திரி கட்டிலாக்க வேண்டுமே. வார் நீளமாக இருக்கக் கூடாது, உட்காரவும் படுக்கவும் முடிந்தால் போதும். கூண்டில் போவதுதான் உங்கள் நாய்க்குப் பழக்கம் என்றால் அதுவும் நல்லதுதான், ஆனால் கூண்டைச் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டுங்கள், கட்டாத கூண்டு இட்லிப் பானையை விட மோசம். முன் இரண்டு இருக்கைக்கு நடுவில் படுக்கப் பார்ப்பான், விடாதீர்கள், பிரேக் போட்டால் அங்கிருந்து நேராக முன் கண்ணாடியில்தான் போய் மோதுவான். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது நியூ சவுத் வேல்ஸில் அபராதத்துக்குரிய குற்றம்.

கிளம்பும் முன் நான்தான் அலமாரி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பேன் இப்போது. கனமான பாத்திரம் எல்லாம் கீழ்த் தட்டில். சாப்பாடு கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், பிறகு இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்தி நடக்க விட்டால் வாந்தி பெரும்பாலும் வராது.

நாய்க்கு வண்டியைப் பழக்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உள்ளே தட்டு கலகலக்கும், தண்ணீர் மோட்டார் திடீரென்று உறுமும், கேஸில் ஓடும் குளிர்பெட்டி டிக் டிக் என்று பற்ற வைக்கும். நமக்கு இது ஒன்றுமே இல்லை, அதற்கு உயிர் போகிற பயம். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தே நாலு நாள் உள்ளே சாப்பாடு போடுங்கள், ஒரு ராத்திரி கூடப் படுங்கள், அப்புறம் அரை மணி நேர ஓட்டம், அப்புறம்தான் ஊர்ப் பயணம்.

அடுத்தது கதவு. வீட்டில் கதவு திறந்தால் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடும் நாய், நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் இறங்கி ஓடினால் எங்கே திரும்பி வருவது என்று அதற்கே தெரியாது, நேற்று வீடு நின்ற இடம் வேறு. எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: வார் மாட்டாமல் கதவு திறக்காது, சாக்கடைத் தண்ணீரை இறக்குவதற்காக ஒரு நிமிடம் இறங்கினாலும். நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பேரில் பதிந்திருக்கும் தொலைபேசி எண் பழைய எண்ணா என்று கிளம்பும் முன் பாருங்கள், கழுத்தில் தொங்கும் வில்லையிலும் கைபேசி எண் இருக்கட்டும், வீட்டு முகவரி இருந்து பயன் இல்லை. முகாமில் வெளியே கட்டுவதானால் பந்தல் காலில் கட்டாதீர்கள், ஒரு பூனையைப் பார்த்தால் பந்தலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டியில் கட்டினால், மறந்து போய் வண்டியை எடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்றால், வாரும் வண்டிச் சாவியும் ஒரே கொக்கியில் தொங்கும். சாவியை எடுக்கப் போகும்போது வார் அங்கே இல்லை என்றால் நாய் வெளியே கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் தவறு செய்தது இங்கேதான். நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதை விட 20 டிகிரிக்கு மேல் ஏறலாம், அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. மோட்டார்ஹோமில் சுவர் கனம், மெதுவாகச் சூடாகும், ஆனால் முன் கண்ணாடி எவ்வளவு அகலம் என்று பாருங்கள்.

எங்களிடம்தான் ஏசி இருக்கிறதே என்று நினைத்தோம். மேற்கூரை ஏசிக்குப் பெரும்பாலும் 240 வோல்ட் மின்சாரம் வேண்டும், அதாவது முகாமில் கம்பத்தில் வயர் செருகியிருந்தால்தான் ஓடும். ஒரு முகாமில் 31 டிகிரி வெயிலில் ஏசியைப் போட்டுவிட்டு, சுண்டலை உள்ளே விட்டுவிட்டு, சாப்பிடப் போனோம். நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் கம்பத்துப் பெட்டியில் மின்சாரம் டிரிப் ஆகியிருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. அவன் கதவடியில், கீழே இருக்கும் காற்றுத் துளையில் மூக்கை வைத்துப் படுத்திருந்தான், நாக்கு ஒரு பக்கம் முழுசாகத் தொங்கியபடி, கூப்பிட்டால் வால் மட்டும் ஒரு தரம் தரையைத் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: முதலில் குளிர வையுங்கள், பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட்டம். நிழலுக்குத் தூக்கிப் போய் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று வீச வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், சூட்டை அது உள்ளேயே பிடித்து வைக்கும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றக் கூடாது. கொஞ்சம் தெளிந்துவிட்டான், போதும் என்று இருந்துவிடவும் கூடாது, உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகு தெரியவரும். சுண்டல் ஒரு ராத்திரி மருத்துவமனையில் இருந்து வந்தான். அதற்குப் பிறகு நாங்கள் சிம் கார்டு போட்ட வெப்பநிலைக் கருவி ஒன்று வாங்கினோம், உள்ளே சூடு ஏறினாலோ மின்சாரம் போனாலோ கைபேசிக்குச் செய்தி வரும். பேட்டரியில் ஓடும் கூரை மின்விசிறியும் போட்டோம். இரண்டும் இருந்தாலும் பத்து நிமிடத்தில் திரும்ப முடியாத இடத்துக்கு அவனை விட்டுவிட்டுப் போவதில்லை, வெயில் நாளில் ஒருவர் மாற்றி ஒருவர்தான் கடைக்குப் போவது. தார்ச் சாலையில் புறங்கையை ஐந்து ஆறு நொடி வைக்க முடியவில்லையா, நாயின் பாதமும் அங்கே நடக்கக் கூடாது.

கேஸ் விஷயம் சுருக்கமாக. எல்பிஜி காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், தரையில்தான் நாய் படுக்கிறது. கேஸ் அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும், மணமே இல்லாத விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம், தரையில் இருக்கும் காற்றுத் துளையின் மேல் மெத்தையைப் போட்டு அடைக்காதீர்கள். கழிவறைப் பெட்டியைக் காலி செய்யும் இடத்தில் சிந்தியிருக்கும் நீல மருந்தை நாய் நக்கிவிடும், அங்கே அதைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் போகிறீர்கள் என்றால் உண்ணிதான் பெரிய பயம். சாதாரண உண்ணி இல்லை, பக்கவாதம் வரவைக்கும் உண்ணி, விக்டோரியாவின் கிழக்கில் தொடங்கி குயின்ஸ்லாந்தின் வடக்கு வரை கடலை ஒட்டிய பட்டையில் இருக்கிறது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அதிகம். கடித்த அன்றே ஒன்றும் தெரியாது, மூன்று நாளோ நாலு நாளோ இரத்தம் குடித்த பிறகு நாயின் குரைப்பு மாறும், பின்னங்கால் தள்ளாடும், வாந்தி வரும், பிறகு மூச்சு விடவே முடியாது. மாத்திரை கிளம்பும் முன்பே கொடுத்திருக்க வேண்டும், எது, எத்தனை மாதத்துக்கு ஒன்று என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை கொடுத்தாலும் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் கிடைக்காது, விரல்தான் கண்டுபிடிக்கும். நாங்கள் சாயங்காலம் தேநீர் கொதிக்கும் நேரத்தில் பார்ப்போம்: காது மடிப்பு, உதட்டுக்கு உள்ளே, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலுக்குக் கீழே. பருப்பு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் உடனே எடுத்துவிடுங்கள், கூடவே ஒட்டுப்புல் விதையும் மாட்டும், அதுவும் தோலுக்குள் புகுந்துவிடும். தள்ளாட்டம் வந்துவிட்டால் சோறு தண்ணீர் எதுவும் கொடுக்காமல் நேராக மருத்துவமனை, விழுங்கும் சக்தி போயிருக்கும், நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

இதிலே ஒரு குழப்பம். நியூ சவுத் வேல்ஸின் வடக்கே சாலையோரக் கடைகளில் மக்கடேமியா கொட்டை மூட்டை மூட்டையாக விற்பார்கள். நாய் அதைத் தின்றாலும் பின்னங்கால் இழுக்கும். எது காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டிருக்காதீர்கள், இரண்டுக்கும் மருத்துவர்தான். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாதது எது? சாம்பார் சட்டியை நக்கக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், இரண்டுமே நாய்க்கு ஆகாது.

காட்டுப் பக்கம் 1080 என்று எழுதிய பலகை மாட்டியிருந்தால் நாயோடு உள்ளே போக வேண்டாம். நரிக்கும் காட்டு நாய்க்கும் வைக்கும் இறைச்சியில் கலக்கும் விஷம் அது, மாற்று மருந்து கிடையாது. போயே ஆக வேண்டும் என்றால் வாய்ப்பூட்டு மாட்டி, குட்டை வாரில். தேசியப் பூங்கா பெரும்பாலானவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை, நியூ சவுத் வேல்ஸில் வண்டிக்குள்ளேயே இருந்தாலும் கூடாது. மாநில வனங்கள் பலவற்றில் அனுமதி உண்டு, இடத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

குயின்ஸ்லாந்தில் இருட்டியதும் கேன் டோடு என்ற விஷத் தேரை புல்வெளிக்கு வரும். கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935ல் கொண்டுவந்து விட்டது, இப்போது எங்கும் அதுதான். நாய் கவ்விவிட்டால் ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள், தண்ணீரைத் தொண்டைக்குள் அடிக்காதீர்கள், வலிப்பு வந்தால் மருத்துவமனை. கிளாட்ஸ்டன் தாண்டி வடக்கே போனால் முதலை நாடு, தண்ணீர் விளிம்பில் இருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள், ஆற்றில் நாயை நீந்த விடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். பாம்பு கடித்தது என்ற சந்தேகம் வந்தால் நாயை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். சில சமயம் சுருண்டு விழுந்து, உடனே எழுந்து சாதாரணமாக நடக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

டாஸ்மேனியாவுக்கு ஜிலாங்கில் கப்பல் ஏறுவதாக இருந்தால், போய்ச் சேருவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நடு வழியில் சிக்னல் இருக்காது, அப்போது எந்த ஊரில் ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை என்று தேட முடியாது. மனைவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த வாரப் பாதையில் இருக்கும் மருத்துவமனைகளின் எண்ணையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவாள், பென்சிலால், ஏனென்றால் பாதை மாறிக்கொண்டே இருக்கும்.