மருந்துப் பையிலிருந்து மனைத் தொழிலுக்கு: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

பெரியவனானதும் மனைத் தரகர் ஆவேன் என்று எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற பெரும்பாலானவர்கள் வேறெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்தவர்கள்தான். நான் திருச்சி, கரூர் பக்கம் 14 வருஷம் மெடிக்கல் ரெப்பாக பை தூக்கியவன். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். சார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் ஒருவர், எல்ஐசி முகவர் ஒருவர். கணவரின் மாற்றலால் 8 வாடகை வீடுகளில் குடியிருந்த ஒரு அக்காவும் உண்டு.

பழைய வாழ்க்கை இந்தத் தொழிலுக்கு மனிதர்களைக் கொண்டுவந்து தரும். ஆனால் பத்திரம் படிக்கக் கற்றுத் தராது. எங்களில் யார் அடி வாங்கினாலும், இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் காரணம்.

“நமக்குத் தெரிஞ்சவர்தானே”

என் கதையையே சொல்கிறேன். விற்பவர் மருந்துக்கடைக்காரர், வாங்குபவர் டாக்டர். இருவரும் எனக்கு 9 வருஷப் பழக்கம். இதைவிட நல்ல பார்ட்டி எங்கே கிடைக்கும்? பட்டா, விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. “மாத்திக்கலாம்” என்றார், தலையாட்டினேன். அவருடைய கூடப்பிறந்த அக்காவைப் பற்றிக் கேட்டதற்கு, “அவளுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, பங்கெல்லாம் கிடையாது” என்றார். அதற்கும் தலையாட்டினேன். 2 லட்சம் அட்வான்ஸ் கை மாறியது. டாக்டருக்குக் கடன் தரவிருந்த வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்று கேட்டார். அதில் அக்காவின் பெயரும் இருந்தது. கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை. அட்வான்ஸ் திரும்பி வர 5 மாதம் ஆயிற்று. டாக்டர் இப்போதும் வணக்கம் சொல்கிறார், மனையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. பூர்வீகச் சொத்தில்தான் பின்னால் மாற்றம் வந்தது. தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இதனால் கலையாது. நகை போட்டதும் சீர் செய்ததும் சட்டத்தின் கண்ணில் பங்கு கொடுத்ததாக ஆகாது. இந்த ஒரு பத்தி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் டாக்டர் எனக்கு இன்னும் நான்கு பேரை அனுப்பியிருப்பார்.

வில்லங்கம் பார்த்தாச்சு, அப்புறம் என்ன?

எல்ஐசி அண்ணன் விழுந்த குழி இது. பாலிசி தொழிலில் எல்லாத் தகவலும் ஒரே தாளில் இருக்கும். வில்லங்கச் சான்றையும் அவர் அப்படித்தான் நம்பினார். அதில் வருவது பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான நடவடிக்கை மட்டும். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும் தெரியாது. கோர்ட்டில் நடக்கிற வழக்கும் பல சமயம் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) இன்றைய பத்திரம்வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் ஒன்றும் பட்டாவில் வேறொன்றுமாக இருந்தால் புல வரைபடத்தை (நிலத்தின் எல்லை அளவுகள் காட்டும் சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு இடத்துக்கே போவதுதான் வழி.

வாத்தியார் இதில் கெட்டிக்காரர். விடைத்தாள் திருத்திய பழக்கம், வரி வரியாகப் போவார். அவர் குறை வேறு. வாங்க வந்தவரை மாணவராக்கிவிடுவார். சைட் பார்க்க வந்தவர்களுக்கு நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரம் பாடம் நடத்துவார். பாதிப் பேர் வெயில் தாங்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

பதிவு எண் இல்லாமல் லேஅவுட் (மனைப்பிரிவு) விற்பது

சொந்தக்காரருக்கு ஒரு மனை காட்டினேன், இதற்கெல்லாமா பதிவு என்று கேட்பவர்கள் நிறைய. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தரும் முகவரும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம்வரை அபராதம் ஏறலாம். நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ, வீடுகள் 8-க்குள்ளோ இருந்தால் தவிர, திட்டமே பதிவாகியிருக்க வேண்டும். பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகவில்லை என்றால் அதை நாம் தொடவே கூடாது. ஒருவர் தன் பழைய தனி வீட்டை விற்பது இந்தக் கணக்கில் வராது.

கூடவே ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதன்பின் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20 வரை உருவானவை என்று எல்லை வைத்தது. எனவே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண், இல்லாவிட்டால் வரன்முறை ஆணை, இரண்டில் ஒன்றையாவது கண்ணால் பாருங்கள்.

சேமிப்பும் பவரும்

சார்ஜாக்காரர் முதல் மாதமே தன் சேமிப்பையெல்லாம் இரண்டு மனையில் போட்டார். தரகராக வந்தவர் விற்க முடியாத முதலாளியாகி உட்கார்ந்திருந்தார். யார் இடத்தைக் கேட்டாலும் தன் மனையைத்தான் காட்டுவார், ஆட்கள் நழுவினார்கள். சார்ஜாவில் இருக்கும் நண்பர்கள் தங்கள் நிலத்தை விற்கச் சொல்லி அவருக்குப் பவர் (தங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்புகிறார்கள். அது பெரிய பலம்தான். ஆனால் வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்தது. பவரை வைத்தே கைமாற்றிக்கொள்வது கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

வருமானம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத் தேதி கிடையாது. ஆடியில் கிரயம் வைக்கப் பலர் தயங்குவார்கள், மார்கழியிலும் அப்படித்தான். குறைந்தது 6 மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் பழைய வேலையை விடாதீர்கள். ஒரு கமிஷனுக்கு நடுவில் நான்கு மீடியேட்டர்கள் நிற்பார்கள். பங்கு எவ்வளவு என்பதை சைட் காட்டும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. இதை விற்பவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பழசை மறைப்பது

பழைய வாழ்க்கையை மட்டுமே நம்புவதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புதிதாக வந்தவர்கள் விசிட்டிங் கார்டில் ‘கன்சல்டன்ட்’ என்று போட்டுக்கொண்டு, நேற்றுவரை என்ன செய்தோம் என்பதை விழுங்கிவிடுகிறார்கள். 8 வாடகை வீடு பார்த்த எங்கள் வட்டத்து அக்காவும் முதல் ஆறு மாதம் “நான் வெறும் ஹவுஸ்வைஃப்” என்று சொல்லக் கூச்சப்பட்டு, எங்களைப் போலவே சதுர அடி விலை பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு ஃபிளாட்டில், பழக்க தோஷத்தில் சமையலறைக் குழாயைத் திறந்து குடம் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தார். துணி காயப்போட இடம் எங்கே, மழைச்சாரல் எந்த ஜன்னலில் அடிக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். பார்க்க வந்த பெண் அன்றே அவர் நம்பரை வாங்கிக்கொண்டார். இப்போது எங்களில் வாடகையும் ஃபிளாட்டும் அதிகம் முடிப்பவர் அவர்தான்.

புதிதாக வர நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால், ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், பத்திர எழுத்தர் யாராவது அனுமதித்தால் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். டோக்கன் வாங்கியும் கிரயம் முடியாமல் திரும்புகிறவர்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள்.