பதற்றத்துக்குக் குறுகிய கால மாத்திரை: தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்

மாமா இறந்த பிறகு தூக்கமின்றித் தவித்த என் அத்தை, பக்கத்துத் தெரு மருத்துவர் பத்து நாளைக்கென்று எழுதிக்கொடுத்த சிறிய மாத்திரையை நான்கு ஆண்டுகள் விழுங்கினார். பத்து நாள் கழித்து என்ன செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கவில்லை; கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பிறகு அதை விடுவதற்கு அவருக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அந்த ஏழு மாதங்களும் கூடவே இருந்து கற்றதையும், மருத்துவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்டுத் தெளிந்ததையும், இத்தகைய மாத்திரையைத் தொடங்கப்போகிறவர்களுக்காகவும் அவர்களுடைய வீட்டாருக்காகவும் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் நீங்களும் விவரம் தெரிந்தவராகப் பங்கெடுப்பது எப்படி என்பதையே இங்கே சொல்கிறேன்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் சொல்கிறோம், எதிலும் பிடிப்பற்றுப் போகும் மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே அந்தச் சொல்லோடு நிறுத்திவிடாமல், உடம்பிலும் மனத்திலும் நடப்பதை அப்படியே விவரியுங்கள்: நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா, விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறதா, கூட்டத்தில் மூச்சு முட்டுகிறதா, எத்தனை வாரமாக, வாரத்தில் எத்தனை முறை. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை காப்பி குடித்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், இரத்தப் பரிசோதனை எழுதினால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

மது அருந்துவதை மறைக்க வேண்டாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றையும், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். மருந்துகளின் பெயர் நினைவில் நிற்காது. அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதே எளிது.

எந்த மருந்து, எதற்கு

'பதற்ற மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஒரே வகையல்ல. விரைவில் அமைதி தருபவற்றில் முதன்மையானவை பென்சோடயசிபைன் வகை: அல்பிரசோலாம், லோராசிபாம், குளோனசிபாம், டயசிபாம். இந்தியாவில் பரவலாக எழுதப்படும் எடிசோலாம் இவற்றின் நெருங்கிய உறவு. இவ்வகையின் முதல் மருந்து 1960இலும், டயசிபாம் 1963இலும் சந்தைக்கு வந்தன. மூளையில் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. அதனால்தான் விரைவாகப் பலன் தெரிகிறது; மூளை இந்தத் துணைக்குப் பழகிக்கொள்வதும் அதனால்தான். நாள்தோறும் தொடர்ந்து எடுத்தால் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் உருவாகலாம். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டிலேயே, கடுமையான பதற்றத்துக்கு இவற்றை 2 முதல் 4 வாரம் வரை மட்டுமே தரலாம் என்று மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 2020 முதல், உடல் பழகிப்போவதையும் திடீரென விட்டால் வரும் ஆபத்தையும் பற்றிய கடும் எச்சரிக்கை இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேறு இனம். இவை மாதக்கணக்கில் எடுக்கும் மருந்துகள்; பலன் தெரிய 2 முதல் 6 வாரமாகும், முதல் இரண்டு வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அந்த இடைவெளியைக் கடக்கப் பாலம்போல ஒரு பென்சோடயசிபைனையும் சேர்த்துத் தருவது உண்டு. பாலம் என்றால் அதற்கு அக்கரை இருக்க வேண்டும்; எந்தத் தேதியில் அது நிற்கும் என்பதை அன்றே கேட்டுவிடுங்கள்.

மேடைப் பேச்சு, கச்சேரி, நேர்முகத் தேர்வு என்று குறிப்பிட்ட நிகழ்வுக்கு மட்டும் கை நடுங்கி நெஞ்சு அடித்துக்கொள்பவர்களுக்குப் புரோப்ரனோலாலைச் சிறிய அளவில், நிகழ்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுக்கும்படி எழுதுவதுண்டு. அது மனத்தின் அச்சத்தைப் போக்குவதில்லை. அட்ரினலின் இதயத்தைத் துரத்துவதை மட்டும் தடுக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கு, சர்க்கரை குறைவதை அறிவிக்கும் படபடப்பை அது மறைத்துவிடும். ஹைட்ராக்சிசின் என்ற ஒவ்வாமை மருந்தும் சில நாட்களுக்குப் பதற்றத்துக்குத் தரப்படுகிறது. அதற்கு அடிமையாகும் அச்சம் இல்லை, தூக்கக் கலக்கம் உண்டு.

சீட்டை வாசிப்பது

மருத்துவரின் அறையை விட்டு எழுமுன் சீட்டை ஒருமுறை அவர் முன்னிலையிலேயே வாசித்துவிட வேண்டும் என்பதில் நான் மிகுந்த பிடிவாதமாக இருக்கிறேன். அங்கே 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தால், தேவைப்பட்டால் மட்டும் எடுத்துக்கொள் என்று பொருள். ஆனால் 'தேவை' என்பதை யார் அளப்பது? பதற்றத்தில் இருப்பவருக்கு எல்லா மாலையும் தேவையாகவே தோன்றும். எனவே மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு நாளைக்கு அதிக அளவு எத்தனை, இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை நாளைக்கு மேல் கூடாது. அவரையே சீட்டில் எழுதித் தரச் சொன்னால் எந்த மருத்துவரும் தவறாக நினைக்க மாட்டார்.

அடுத்து, அளவு. 0.25, 0.5, 1 மில்லிகிராம் மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். கடையில் ஒன்றில்லாமல் இன்னொன்றைத் தரும்போது 'பாதியாக உடைத்துச் சாப்பிடுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார்கள், வீட்டுக்கு வருவதற்குள் அது மறந்துவிடும். அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பலருக்கும் தெரியாதது. எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும், அல்லது புரோப்ரனோலாலும் எடிசோலாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் நாட்டில் சாதாரணம். பெயரின் பின்னால் 'பிளஸ்' போன்ற ஒட்டு இருக்கும். விழுங்குபவர் தாம் நீண்டகால மருந்து ஒன்றை மட்டும் எடுப்பதாக எண்ணியிருக்க, உள்ளே இருக்கும் பென்சோடயசிபைனும் மாதக்கணக்கில் சேர்ந்தே போகும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடரவும் வழியிருக்காது. அட்டையின் பின்புறம் உள்ள மூலப்பொருள் பெயர்களைப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால், தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். எங்கள் அத்தை விஷயத்தில் பாதி சிக்கல் இதிலேதான் இருந்தது.

இந்தியாவில் அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'எச்1' அட்டவணையில் வருகின்றன. சீட்டு இன்றி விற்கக்கூடாது. நோயாளி, மருத்துவர், மருந்தின் அளவு ஆகிய விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழகிய கடை என்பதற்காகப் பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் மறுபடியும் வாங்கும் வசதியை நாமே மறுத்துக்கொள்வது நல்லது. பத்து நாள் நான்கு ஆண்டாவது பெரும்பாலும் அந்த வசதியால்தான்.

மாத்திரை எடுக்கும் நாட்களில்

முதல் மாத்திரையை வெளியே செல்ல வேண்டாத ஒரு மாலையில், வீட்டில் ஒருவர் துணையிருக்கும்போது எடுங்கள். உங்களுக்கு எவ்வளவு மயக்கம் வருகிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். லோராசிபாம், அல்பிரசோலாம் ஆகியவற்றின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகும்; டயசிபாமுக்கு ஒரு நாளைத் தாண்டும். இரவு எடுத்தது காலையில் இரு சக்கர வாகனத்தில் ஏறும்போதும் உள்ளே இருக்கிறது.

மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகக்கூடும். இதில் 'ஒரே ஒரு கோப்பை' என்ற விதிவிலக்கு கிடையாது. டிராமடால் போன்ற வலி மருந்துகளும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் அதே ஆபத்தைத் தருபவை. சளிக்கு எடுக்கும் ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைக் கூட்டும். படர்தாமரைக்கு இப்போது தாராளமாக எழுதப்படும் இட்ராகொனசோல், அல்பிரசோலாமின் அளவை இரத்தத்தில் வெகுவாக உயர்த்திவிடும் என்பதைத் தோல் மருத்துவரிடம் செல்லும்போது நினைவில் வையுங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எதற்காக எடுத்தீர்கள், எடுக்கும் முன் பதற்றம் பத்துக்கு எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு. இதன் பயனை நான் கண்ணால் கண்டேன். திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கத் தொடங்கும். விழுங்கிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே ஏறத்தாழ அரை மணி நேரமாகும். அதாவது பல நேரங்களில் பீதி தானே வடிந்த பிறகுதான் மருந்து வந்து சேர்கிறது. பெயரை மட்டும் மருந்து வாங்கிக்கொள்கிறது. 'மாத்திரை இருந்ததால் பிழைத்தேன்' என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டால், அது இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாத நிலை வரும். குறிப்பேட்டில் நேரத்தை எழுதுபவருக்கு இந்த உண்மை இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். (முதன்முறையாக நெஞ்சு வலி வருகிறது, அது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் அதைப் பீதி என்று நீங்களே முடிவு செய்யாமல் 108ஐ அழையுங்கள்.)

மாத்திரை தரும் அவகாசத்தில் வேறொன்று நடக்க வேண்டும். மனநல ஆலோசகரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ (பதற்றத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் முறை), தூக்க ஒழுங்கோ, கடன் பற்றிய குடும்பப் பேச்சோ, எது பதற்றத்தின் வேரோ அதைத் தொடும் முயற்சி தொடங்கியிருக்க வேண்டும். தொடங்காவிட்டால், கடைசி நாளில் நீங்கள் முதல் நாளில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்

இழவு வீட்டில் அழுது புரளும் தாய்க்கோ மனைவிக்கோ ஊசி போட்டோ மாத்திரை கொடுத்தோ தூங்கவைப்பதை நம்மவர்கள் கருணை என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனநோய் ஏதும் இல்லாத நிலையில், துக்கத்துக்கென்று பென்சோடயசிபைன் தர வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. விபத்து, வன்முறை போன்ற கொடிய நிகழ்வுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் எழும் அதிர்ச்சி அறிகுறிகளுக்கும் இவை வேண்டாம் என்றது. பதினாறு நாளும் உறவினர் மாறி மாறி வந்து அமர்ந்து, அழவிட்டு, கஞ்சி கொடுத்து, இரவில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை நான் இன்று வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

முதியவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் உடம்பில் மருந்து மெல்லவே கழியும். இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், நினைவு குழம்புவதும் நேரும். தற்கொலை எண்ணம் இருப்பவர் கையில் முழு அட்டையைக் கொடுக்காமல், வீட்டிலொருவர் நாளுக்கு நாள் எடுத்துத் தர வேண்டும். அந்த எண்ணத்தை மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416இலும், இலங்கையில் 1926இலும் எந்நேரமும் பேசலாம்.

நிறுத்துவது

நாள்தோறும் எடுக்காமல், இரண்டு மூன்று வாரத்தில் சில முறை மட்டும் எடுத்தவர்கள் பெரும்பாலும் சிரமமின்றி நிறுத்திவிடலாம். தினமும் எடுத்தவர்கள், அதுவும் ஒரு மாதத்தைக் கடந்தவர்கள், ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை ஆகியவற்றோடு வலிப்பு வரையிலும் போகலாம். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற வேகத்தில் குறைப்பது இன்று பரிந்துரைக்கப்படும் முறை. ஒரு படியில் தடுமாறினால் அங்கேயே சில வாரம் நின்று, பிறகு இறங்கலாம்.

குறைக்கும்போது பதற்றம் திரும்பினால் 'நோய் போகவில்லை' என்று எண்ணி மறுபடியும் பழைய அளவுக்குத் தாவிவிடுவார்கள். குறைத்த சில நாட்களுக்குள் எழுந்து, ஒலியும் ஒளியும் உறுத்துவது போன்ற புதிய தொல்லைகளோடு வந்து, மெல்லத் தணிவது பெரும்பாலும் மருந்து விலகும் அறிகுறி. வாரங்கள் கழித்து, பழைய கவலைகளோடு மெல்ல வளர்ந்துகொண்டே போவது நோயே திரும்புவதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவருக்கு உங்கள் குறிப்பேடுதான் உதவும். அத்தைக்கு நாங்கள் தினசரி நாட்காட்டியின் தாளிலேயே அன்றைய அளவை எழுதிவைத்தோம். தாளைக் கிழிக்கும்போதே அவர் மாத்திரையை எடுத்துக்கொள்வார்.

மீந்த மாத்திரைகளை அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று கேட்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்க வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காப்பித் தூளோடு கலந்து, மூடிய உறையிலிட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்டாத குப்பையில் சேர்த்துவிட்டு, மருந்துச் சீட்டின் மேல் முடிந்த தேதியை எழுதி வையுங்கள்.