வீலுக்கு முன் பிரேக்: மலைநாட்டு வீட்டில் ரேசிங் சிமுலேட்டர் அமைப்பது

கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் சிமுலேட்டருக்குச் சேர்த்த காசையெல்லாம் வீலில், அதாவது ஸ்டியரிங்கில், கொட்டிவிட்டு, அதைச் சாப்பாட்டு மேசையில் பூட்டி, பெடலை வழுக்குகிற சிமெந்துத் தரையில் வைப்பதுதான் பலரும் செய்வது. சுற்றுக்குச் சுற்று நேரம் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் பழக வேண்டியது கையல்ல, பிரேக் மிதிக்கிற கால். அது பழக, பெடல் ஒரு நூல்கூட நகரக் கூடாது. ஆகவே சட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டமரமும் 18 மி.மீ. பிளைவூட்டும் போதும். 130 செ.மீ. நீளத்தில் இரண்டு அடிச்சட்டங்களை 50 செ.மீ. இடைவெளியில் போட்டு, முன்னால் பெடல் பலகை, நடுவில் வீல் பலகை, பின்னால் பழைய வேன் சீட் ஒன்று. மரக்காலையில் வாங்கும் டர்பன்டைன் மரத்தில் பெரும்பாலும் ஈரம் இருக்கும். காயவிடாமல் பூட்டினால் முறுக்கிக்கொள்ளும். மூட்டுகளுக்கு ஆணி வேண்டாம், எம்8 பொல்ட்டும் அகல வொஷரும் போடுங்கள். பனியிலும் மழையிலும் மரம் ஊதிச் சுருங்குவதால் மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும். ஆணியை இறுக்க முடியாது.

சீட்டில் சாய்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படவேண்டும், தோள் சீட்டை விட்டு எழக் கூடாது. பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். சட்டம் அடிக்க வசதி இல்லாமல் சக்கரம் வைத்த ஒஃபிஸ் நாற்காலியில் ஓட்டுகிறீர்களா? சக்கரங்களைப் பழைய சப்பாத்துகளுக்குள் இறக்கிவிடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நாற்காலி பின்னால் ஓடாது.

வீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லொஜிடெக் ஜி29 பற்சக்கரத்தில் இயங்குவது, சத்தம் போடும், ஆனால் உழைக்கும். மோட்டரிலேயே நேராகப் பூட்டிய டைரக்ட் டிரைவ் வீல் வேண்டுமென்றால் 5.5 நியூட்டன் மீட்டர் தரும் மோசா ஆர்5 தாராளம். ஜி29இன் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை உண்டு. பெடல் இறுக்கமாக இருக்கிறதென்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எறியாதீர்கள், எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதைத்தான் கால் நன்றாக ஞாபகம் வைக்கும். அடுத்து காசு சேர்ந்தால் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடலுக்குப் போங்கள், பெரிய வீலுக்கு அல்ல.

நேர்ப்பாதையில் கார் தானாகவே இலேசாகப் பிரேக் பிடிக்கிறதென்றால், பெடல் எவ்வளவு இறங்கியது என்பதை அளக்க அதற்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கும். திரையில் பிரேக்கின் அளவைக் காட்டும் கோடு துடிப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கொன்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை மிதித்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை விட்டுப்போகும் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைத் திரும்ப இழுக்கும்.

பார்வைக் கோணத்தை விளையாட்டில் சரியாகப் போடுவது காசில்லாமல் கிடைக்கும் பெரிய திருத்தம். 27 அங்குல மொனிட்டரின் உயரம் ஏறக்குறைய 33.6 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் அதை வைத்தால் செங்குத்துக் கோணம் 31 பாகை, கிடைக்கோணம் 53 பாகை. அசெட்டோ கோர்சா என்ற விளையாட்டு கேட்பது செங்குத்துக் கோணத்தை, ஐரேசிங் என்ற விளையாட்டு கேட்பது கிடைக்கோணத்தை. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு விளையாட்டைத் திட்டுகிறவர்கள் நிறைய. முதலில் குழாய்க்குள் பார்ப்பது போலிருக்கும், இரண்டு நாள் பொறுங்கள். கோணம் அகலமாக இருந்தால் வளைவு உண்மையைவிடத் தூரத்தில் தெரியும், பிரேக் பிந்திப் பிடிப்பீர்கள்.

டயரின் இழுப்பை வீல் வழியாகக் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் கெய்ன், அதாவது அதன் பலம், கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். அசெட்டோ கோர்சாவில் பெடல் கோடுகளுக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ் கோடும் ஓடும். வேகமான வளைவில் அது சிவப்பாகவே நின்றால் வீல் தன் பலத்தின் உச்சத்தை முட்டிவிட்டது. அதற்கு மேல் டயர் சொல்வது எதுவும் கைக்கு வராது. ஓரக்கல்லில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் சிவக்கும் அளவுக்குக் கெய்னைக் குறையுங்கள். ஜி29இல் நடுப்பகுதி செத்துக் கிடந்தால் குறைந்தபட்ச ஃபோர்ஸை 5 வீதத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கையை விட்டதும் வீல் தானாக ஆடினால் கூடிவிட்டது.

இனி கரண்ட். வீலின் அடப்டரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். கரண்ட் போய், கணினி ஓடிக்கொண்டிருக்க வீல் மட்டும் செத்தால் பந்தயம் அங்கேயே முடிந்தது. வாகன பெட்டரியில் ஓடும் சதுர அலை இன்வெர்ட்டரைச் சில கணினி பவர் சப்ளைகள் ஏற்காமல் நின்றுவிடும். சைன் அலை தருவதைப் பாருங்கள். டைரக்ட் டிரைவ் வீல் இடையிடையே துண்டிக்கப்பட்டால் வீல் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். பழைய லயத்து வயரிங்கில் எர்த் ஒழுங்காக இருக்காது, முதலில் எலக்ட்ரீஷியனிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸில் யூஎஸ்பி மின்சேமிப்பை நிறுத்துங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் ரவுட்டர் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் தோட்டங்களுக்கு அசெட்டோ கோர்சாதான் பொருத்தம், இணையம் இல்லாமலும் ஓட்டலாம். ஐரேசிங்கிற்கு இணைப்பு கட்டாயம். ஒன்லைனில் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிசெக்கனில் நிலையாக நின்றால் சமாளிக்கலாம். 60க்கும் 250க்கும் இடையில் குதித்தால்தான் உங்கள் கார் மற்றவர்களின் திரையில் துள்ளும். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

பழக அசெட்டோ கோர்சாவிலேயே ட்ரென்டோ பொன்டோனே என்ற இத்தாலிய மலையேற்றப் பாதை இருக்கிறது, நீளம் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் ஏறியவர்களுக்குக் கொண்டை ஊசி புதிதல்ல. அபார்த் 500 போன்ற சின்னக் காரை எடுங்கள். நேராக இருக்கும்போதே 80, 90 வீதம் மிதித்து, வீலைத் திருப்பத் திருப்பக் காலை மெதுவாக விடுங்கள். சட்டென்று காலை எடுத்தால் மூக்கு எழும்பி முன்டயர் பிடி விடும், கார் வெளிப்பக்கம் அகன்று போகும். பிரேக் கோடு படிக்கட்டு போல விழாமல் சரிவாக இறங்கும் வரை வேறு காருக்கு மாற வேண்டாம்.