பொட்டாசியம் குறைந்து கை கால் விழுந்தால் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள்

ராத்திரி வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுப் படுத்தவருக்கு விடியற்காலையில் கால் எழவில்லை. கிள்ளினால் வலிக்கிறது, பேச்சும் நினைவும் தெளிவு. ரத்தப் பொட்டாசியம் 2.1, இயல்பு 3.5 முதல் 5. பொட்டாசியம் குறைந்து விட்டுவிட்டு வரும் இந்தத் தசைச் செயலிழப்புக்கு ஹைப்போகலேமிக் பீரியாடிக் பராலிசிஸ் என்று பெயர்; சுருக்கமாக வாதம் என்போம். இந்த நேரத்தில் சோர்வு என்று நினைத்து டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பாட்டில் மாட்டுவது பெரிய தவறு. குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரக்கும். அது மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் தசைக்குள் தள்ளிவிடும்.

கால் எழாததன் காரணம் தசைச் சவ்வில் இருக்கிறது. ஆரோக்கியமான தசையின் உட்புறம் ஏறத்தாழ −90 மில்லிவோல்ட்டில் நிற்கும். பரம்பரையாக வரும் இந்த வாதத்தில் சவ்வில் உப்பு அயனிகள் நுழையும் வாசலான கால்சியம் அல்லது சோடியம் சேனலின் மின்னழுத்தம் உணரும் பகுதியில், பெரும்பாலும் ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். அந்த இடத்தில் மெல்லிய கசிவு. வெளியே பொட்டாசியம் இறங்கியதும் கசிவை ஈடுகட்டும் பொட்டாசியம் சேனல்கள் தளர்ந்துவிட, மின்னழுத்தம் −60 பக்கம் தாவுகிறது. அங்கே சோடியம் சேனல்கள் செயலற்றுப் பூட்டிக்கொள்ளும்; நரம்பு கட்டளை அனுப்பினாலும் தசை அசையாது.

ஆக, பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதை மறந்து பற்றாக்குறைக் கணக்குப் போட்டு ஏற்றினால், தசை திறக்கும்போது அத்தனையும் ரத்தத்துக்குத் திரும்பி இதயத்தைத் தாக்கும். விழுங்க முடிந்தால் வாய்வழியே போதும்: உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிஈக்விவலன்ட் (mEq, உப்பை அளக்கும் அலகு). 10% பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கும். வெறும் தண்ணீரில் கலக்குங்கள், சர்க்கரை உள்ள ஜூஸில் வேண்டாம். இசிஜி மானிட்டர் ஓடட்டும், அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். சிரை வழியே தர நேர்ந்தால் குளுக்கோஸுக்குப் பதில் மன்னிட்டால் திரவத்தில் கலப்பது நல்லது.

தைராய்டு பார்க்காமல், வாதம் திரும்ப வராமல் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மருந்தை எழுதுவது இன்னொரு தவறு. ஆசிய ஆண்களில் தைராய்டு மிகைப்பே (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) பல நேரம் காரணம்; அவர்களுக்கு அந்த மருந்து வாதத்தைக் கூட்டலாம். தைராய்டு சரியானால் வாதமும் நிற்கும்.

ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் குறைந்திருந்தால் சிறுநீரகக் குழாய் அமிலத்தேக்கத்தை, அதாவது சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத நோயைச் சந்தேகியுங்கள். அங்கே பொட்டாசியம் உண்மையாகவே சிறுநீரில் போயிருக்கும். பொட்டாசியத்தை ஏற்றுமுன் சோடியம் பைகார்பனேட் கொடுத்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கி மூச்சுத் தசைகளே தளர்ந்துவிடக்கூடும்.

வீட்டில் சிரப் வைத்திருப்பவர்கள் அதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். சோடியம் சேனலின் வேறு மாற்றங்களால் பொட்டாசியம் ஏறும்போது வரும் வாதமும் உண்டு. உழைத்து ஓய்ந்த பின்போ பட்டினியிலோ வரும் அதற்கு, சிரப் கேடு, சர்க்கரைதான் உதவும்.