கோபால்ட் ஒற்றை அயனிக் காந்தம்: தடை உயரத்தை எழுதுவதற்கு முன்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களை ஸ்குவிட் கருவியில் (மிக நுண்ணிய காந்தத்தையும் அளப்பது) பழக்கிவிடுவது என் பொறுப்பு. மாதிரியை உள்ளே இறக்கும் முன்பே "அக்கா, தடை உயரம் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுவார்கள். ஒற்றை அயனிக் காந்தம் என்றால் ஒரே ஓர் உலோக அயனியால் காந்தம்போல் நடக்கும் மூலக்கூறு; அதன் காந்தத் திசை புரள ஏறிக் கடக்க வேண்டிய ஆற்றல் சுவர்தான் தடை. அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள் என்பேன்.

பழகுவதற்கு ஏற்ற சேர்மம், நான்கு பீனைல்தயோலேட் சூழ்ந்த நான்முகி கோபால்ட்(2). வெளிக் காந்தப்புலம் இல்லாமலே இதில் தளர்வு (காந்தமாக்கம் சமநிலைக்குத் திரும்புவது) மெதுவாக நடக்கிறது என்று 2011-இல் பெர்க்லியில் சாட்ரோஸ்னியும் லாங்கும் காட்டினார்கள்.

முதலில் மாதிரி. படிகங்களை நன்றாகப் பொடியுங்கள். காற்றுப் படக்கூடாது, எல்லாம் கையுறைப் பெட்டிக்குள்தான். பொடியை அப்படியே விட்டால் வலுவான புலத்தில் ஒவ்வொரு துகளும் தன் எளிய அச்சை, அதாவது எளிதில் காந்தமாகும் திசையை, புலத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளும். காந்தமாக்கம் பொய்யாக ஏறித் தெரியும். அதனால் உருக்கிய ஐகோசேனை (மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன்) ஊற்றி உறைய விடுங்கள். 37 டிகிரியில் உருகிவிடும், பெரிய சூடெல்லாம் வேண்டாம். ஊற்றிய ஐகோசேனையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் எதிர்க்காந்தப் பங்கை அப்புறம் கழிக்க வேண்டும்.

அடுத்து நிலைப்புலம்: 1000 எர்ஸ்டெட், 300 கெல்வினிலிருந்து 2 வரை. ஸ்பின் 3/2-க்கு ஏற்புத்திறன் (புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு), வெப்பநிலை இரண்டின் பெருக்கம் 1.875 செ.மீ³ கெல்வின்/மோல் என்பது ஸ்பின்னை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. சுற்றுப்பாதைப் பங்கும் சேர்வதால் அறை வெப்பநிலையில் அதைவிடக் கூடுதலாகவே வரும். குறைந்து வந்தால் எடையைச் சந்தேகியுங்கள். பிறகு பல வெப்பநிலைகளில் 7 டெஸ்லா வரை காந்தமாக்கத்தை அளந்து, புலத்தை வெப்பநிலையால் வகுத்து வரையுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விலகி நின்றால் காந்தத் திசைச்சார்பு இருக்கிறது. பொருத்திப் பார்த்தால் டி மதிப்பு (அந்தத் திசைச்சார்பின் அளவு) கிடைக்கும், இந்தச் சேர்மத்துக்கு மைனஸ் 70 செ.மீ⁻¹ வாக்கில். நேர்க்குறி, எதிர்க்குறி இரண்டிலிருந்தும் தொடங்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பொருந்தினால், இந்தத் தரவை மட்டும் நம்பிக் குறியை எழுதாதீர்கள்.

இப்போது மாறுபுலம். சில எர்ஸ்டெட் அளவில் ஊசலாடும் புலம், 1 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை. ஏற்புத்திறனின் கட்டம் விலகிய பகுதி (ஊசலாடும் புலத்துக்குப் பின்தங்கி வருவது) உச்சம் தொடும் அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் தளர்வு நேரம். 1000 ஹெர்ட்ஸில் உச்சம் என்றால் 0.00016 நொடி. உச்சமே தெரியாமல் வால் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் அந்த வெப்பநிலையை விட்டுவிடுங்கள்.

தளர்வு நேரத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் அழகான நேர்கோடு வரும். இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்பின் 3/2-க்குத் தடை, குறியை விட்டுவிட்டால், டி மதிப்பின் இரு மடங்கு, அதாவது 140 செ.மீ⁻¹ இருக்க வேண்டும். அந்த நேர்கோடு தந்ததோ 21. ஏறிக் கடக்க வேண்டிய சுவர் 140 உயரத்தில் நிற்க, காந்தம் வேறு வழியில் நழுவியிருக்கிறது: இரண்டு அதிர்வுகள் கைகோக்கும் ராமன் வழி, அடி வெப்பநிலையில் குவாண்டம் ஊடுருவல். ஒற்றைப்படை எலக்ட்ரான் அயனியில் ஊடுருவலுக்கு இடமில்லை என்பது ஏட்டளவில் சரி. ஆனால் கோபால்ட்-59 கருவின் 7/2 ஸ்பின்னும் பக்கத்து மூலக்கூறுகளின் புலமும் கதவைத் திறந்துவிடுகின்றன. அடைக்க இரண்டு வழி: அதே அமைப்புள்ள துத்தநாகச் சேர்மத்தில் கோபால்ட்டைக் கொஞ்சமாகக் கலந்து படிகமாக்குவது, அல்லது சிறிய நிலைப்புலம் கொடுப்பது. புலத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், ஒரே அதிர்வு மூலம் நடக்கும் நேரடி வழி வேகமெடுக்கும். தளர்வு நேரம் எங்கே மிக நீளம் என்று தேடிப்பிடித்து அங்கே நில்லுங்கள்.

அதே புள்ளிகளை இரண்டு அச்சும் மடக்கையாக வைத்து இன்னொரு முறை வரையுங்கள். அதிலும் நேராக வந்தால் ராமன்தான் முதல் சந்தேகம். எட்டுப் புள்ளிகளுக்கு நான்கு வழிகளையும் (சுவரேறிக் கடப்பது, ராமன், ஊடுருவல், நேரடி) சேர்த்துப் பொருத்தினால் எதுவும் பொருந்தும், அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிடும் முன் அலகையும் பாருங்கள்: 1 செ.மீ⁻¹ என்பது 1.44 கெல்வின், ஆக ஒருவர் எழுதும் 30-ம் இன்னொருவர் எழுதும் 21-ம் ஒன்றேதான்.