காமெடி டிராமாவுல அம்மா ரோலுக்கு ஆள் மாத்தணுமா? இப்படி பண்ணுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்ல காமெடி டிராமா எடுக்கிற குரூப்புக்கு எப்பவும் வர்ற தலைவலி இது. அம்மா ரோல்ல நடிச்சிட்டிருந்த அக்காவுக்கு கல்யாணம் ஆகிடும், இல்லன்னா சிங்கப்பூர்ல வேலை கெடைக்கும், இல்லன்னா ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் போட்டுடுவாங்க. பதறிப்போய் ரோலையே தூக்கிடாதீங்க லா, அம்மா இல்லாத வீட்டுல அப்பா யார்கிட்ட திட்டு வாங்குவாரு?

ஆள் தேடுறப்போ முகஜாடை பாக்காதீங்க, அந்த ரோல் வீட்டுல என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. அமெரிக்கா காமெடி 'பிவிட்ச்ட்'ல ஜன்னல்ல எட்டிப்பாக்கிற பக்கத்து வீட்டம்மா கிளாடிஸ் க்ராவிட்ஸா நடிச்ச ஆலிஸ் பியர்ஸ் 1966ல இறந்துட்டாங்க, அந்த எடத்துக்கு சாண்ட்ரா கூல்ட் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் மூஞ்சி வேற, குரல் வேற, ஆனா எதிர்வீட்டு மந்திரக்காரி பண்ற மந்திரத்த கண்ணால பாத்துட்டு புருஷன கூப்பிட்டு கத்துறதும் அவர் வந்து பாக்கிறப்போ ஒன்னுமே இல்லாம போறதும் அப்படியேதான் இருந்துச்சு. சிரிப்பு அங்கதான இருக்கு.

அதனால ஆடிஷனுக்கு தனியா வசனம் பேச சொல்லி பிரயோஜனம் இல்ல. அப்பாவா நடிக்கிறவரோட உக்கார வச்சு சண்டை சீன் ஒன்னு குடுங்க, அவர் முடிக்கிறதுக்குள்ள இவங்க எங்க குறுக்க பூர்றாங்கன்னு கவனிங்க, அந்த டைமிங் வந்துட்டா மிச்சத்த பழக்கிடலாம். பழைய வீடியோ போட்டு இத மாதிரியே பண்ணுன்னு மட்டும் சொல்லவே கூடாது. பழைய அக்காவோட ஃபேமஸ் டயலாக்க அவங்களோடவே அனுப்பிட்டு புது ஆள் வாய்க்கு வர்ற மாதிரி வேற எழுதுங்க.

ஜனங்களுக்கு எப்படி சொல்றது? அழுகாச்சி சீரியல்ல 'இவருக்கு பதில் இவர்'னு கார்டு போட்டு முடிச்சிடுவாங்க, காமெடில அப்படி போட்டா ஒரு நல்ல சிரிப்பு வீணாப்போகுது. இன்னொரு அமெரிக்கா காமெடி 'ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்'ல ஹீரோ வில் ஸ்மித்தோட விவியன் அத்தையா நடிச்ச ஜானட் ஹூபர்ட் 1993ல வெளிய போய் டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட் வந்தப்போ, புள்ள பெத்ததுலேருந்து நீங்க ஒரு மாதிரி மாறிட்டீங்களேன்னு ஹீரோவோட கூட்டாளி ஜாஸ் கேப்பான், வில் ஸ்மித் கேமராவ பாப்பாரு, அவ்ளோதான். நம்ம ஊருக்கு எதிர்வீட்டு பையன் வந்து "என்னா ஆன்ட்டி, சவுக்காரம் மாத்திட்டீங்களா"ன்னு கேக்கட்டும், "மொத எபிசோட்லேருந்து எனக்கு இதே மூஞ்சிதான்டா"ன்னு இவங்க சொல்லட்டும். ஒரே தடவை, திரும்பத் திரும்ப கிண்டினா புது ஆளுக்குத்தான் சங்கடம்.

போற அக்காகிட்ட வேற ஆள் போடுறத நீங்களே நேர்ல சொல்லிடுங்க, அடுத்தவங்க வாயால தெரியக்கூடாது. ஹூபர்ட்டும் வில் ஸ்மித்தும் மனசு விட்டு பேசினது 2020ல தான், எவ்ளோ வருஷக் கசப்பு பாருங்க. 'ரோசான்'ங்கிற அமெரிக்கா காமெடில கதை வேற மாதிரி, மூத்த மக பெக்கியா நடிச்ச லீசி கோரன்சன் படிக்கப் போனதால சாரா சாக் வந்தாங்க, அப்புறம் கோரன்சனே திரும்பி வந்தாங்க, 2018ல மறுபடி எடுத்தப்போ சாராவுக்கும் வேற ரோல் குடுத்து ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டாங்க. கதவ சாத்தாம விடுறதுன்னா இதுதான்.

புது அக்காவோட மொத எபிசோட்ல கல்யாண வீடு, திருவிழான்னு கூட்டத்துல எறக்காதீங்க. அதே குசினி, அதே நாற்காலி, அதே கோப்பி கிளாஸ், எதிர்ல அப்பா. வீடு மாறலன்னா ஜனங்க கண்ணு சீக்கிரம் பழகிடும்.

அவங்க வீடு தோட்டத்துக்கு உள்ளுக்கு இருந்தா ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சு காடில கொண்டு போய் விடுறது யாருன்னு இப்பவே பேசி வைங்க, அவங்க அம்மாகிட்டயும் நேர்ல போய் சொல்லிடுங்க, வாட்ஸ்அப்ல வேணாம்.